26 அடி செங்கல் தரை

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு 'டிசைன் பேட்டர்ன்' என்ற சொல் சோறு போடும் சொல். 1994இல் நான்கு பேர் சேர்ந்து எழுதிய ஒரு புத்தகம், அதில் 23 பேட்டர்ன்கள். இன்டர்வியூவுக்குப் போகும் முந்தின நாள் ராத்திரி எல்லாரும் அதைத்தான் புரட்டுவோம். அந்த யோசனையே கட்டடக்கலையிலிருந்து கடன் வாங்கியது என்பது வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரும் அவருடைய சகாக்களும் 1977இல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' தான் மூலம். அதில் 253 பேட்டர்ன்கள். ஊர்கள் எப்படி அமைய வேண்டும் என்பதில் ஆரம்பித்து, ஒரு அறைக்குள் நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்பது வரைக்கும் போகும்.

அந்தப் புத்தகத்தின் 125ஆவது பேட்டர்ன், உட்காரும் படிக்கட்டு பற்றியது. பொது இடத்தில் நடப்பதை வேடிக்கை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் உயரமான இடம் தேடுவார்கள். ஆனால் ரொம்ப உயரமாகவும் இருக்கக் கூடாது, வேண்டும் என்றால் எழுந்து கூட்டத்தில் கலந்துவிட முடியணும். அதனால் தரையைத் தொடும் முதல் சில படிகள்தான் முக்கியம் என்கிறார்கள். 160ஆவது பேட்டர்ன் கட்டடத்தின் விளிம்பு பற்றியது. கட்டடம் தரையில் முடியும் இடத்தை வெறும் கோடாக விடாதே, மனிதர்கள் தங்கக்கூடிய இடமாக்கு என்பது அதன் சாரம்.

படித்தபோது, "இது என்ன பெரிய கண்டுபிடிப்பு, நம்ம திண்ணைதானே" என்றுதான் தோன்றியது. அலெக்ஸாண்டர் 1963 முதல் பாடம் நடத்தியது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில். அவர் அங்கே சேர்ந்த அடுத்த வருடமே, ஒரு படிக்கட்டும் அதன் முன்னால் இருந்த தரையும் அந்தப் பல்கலைக்கழகத்தையே ஆட்டி வைத்தன. இந்தக் குறிப்பு அந்தத் தரையைப் பற்றியது.

2012இல் அலுவலக வேலையாக சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் போயிருந்தேன். ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. நண்பர்கள் கோல்டன் கேட் பாலம் பார்க்கப் போக, நான் ரயில் பிடித்து பெர்க்லி போனேன். (பிஎஸ்டி யூனிக்ஸ் பிறந்த ஊருக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வேறு எப்படிச் சொன்னாலும் புரிய வைப்பது கஷ்டம்.)

இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், அது மனதில் இல்லாமல் மீதிக் கதை புரியாது. தெற்கிலிருந்து டெலிகிராஃப் அவென்யூ என்ற கடைத்தெரு வருகிறது. குறுக்கே பான்கிராஃப்ட் வே என்ற சாலை. அதைத் தாண்டினால் வளாகம். தெரு நின்றுவிடுகிறது, ஆனால் நடப்பவர்கள் நிற்பதில்லை. அதே நேர்கோட்டில் ஒரு திறந்த முற்றம் வழியாக வடக்கே சேதர் கேட் என்ற பழைய வளைவை நோக்கிப் போகிறார்கள். முற்றத்தின் பெயர் ஸ்ப்ரௌல் ப்ளாசா. வலது பக்கம், அதாவது கிழக்கில், ஸ்ப்ரௌல் ஹால் என்ற நிர்வாகக் கட்டடம். தூண்கள், அகலமான கல் படிகள். இடது பக்கம் மாணவர் யூனியன் கட்டடம். நடுவில் ஒரு வட்ட நீரூற்று, உட்கார வாகான உயரத்தில் அதன் விளிம்பு. மாணவர் யூனியனை ஒட்டிப் படி இறங்கினால் கீழே இன்னொரு முற்றம். அதை லோயர் ஸ்ப்ரௌல் என்பார்கள்.

நான் போனது மதிய நேரம். மேல் முற்றத்தில் நடக்க இடமில்லை. படிகளில் கூட்டம், நீரூற்றைச் சுற்றிக் கூட்டம், வழி நெடுக மேசை போட்டு நோட்டீஸ் கொடுப்பவர்கள். கீழ் முற்றத்துக்கு இறங்கினேன். சதுரமான, விசாலமான, காங்கிரீட் சூழ்ந்த இடம். காற்று வீசிக்கொண்டிருந்தது. ஸ்கேட்போர்டுடன் இரண்டு பேர், ஒரு மூலையில் ஃபோன் பேசிக்கொண்டு ஒருவர். அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டடமும் சில படிகளும் மட்டுமே.

இதில் வேடிக்கை என்னவென்றால், கூடுவதற்கென்று வரைந்து கட்டிய இடம் கீழ் முற்றம்தான். மாணவர் மையம், உணவுக் கூடம், மாணவர் அமைப்புகளின் அலுவலகங்கள், பின்னர் 1968இல் ஒரு பெரிய கலையரங்கம் என்று நாலு பக்கமும் அதைச் சுற்றித்தான் எழுப்பினார்கள். மேலே இருக்கும் ஸ்ப்ரௌல் ஹால் படிகளோ, யாரும் உட்காருவதற்காகக் கட்டியவை அல்ல. 1941இல் கட்டிய நிர்வாகக் கட்டடம் அது. சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றத்தை வடிவமைத்த ஆர்தர் பிரவுன் ஜூனியர்தான் இதற்கும் கட்டடக்கலைஞர். படிகள் அங்கே இருப்பது கம்பீரத்துக்காக.

இந்த இடம் எப்படி உருவானது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

1950களின் கடைசி வரை வளாகத்தின் தெற்கு வாசல் சேதர் கேட்தான். டெலிகிராஃப் கடைத்தெரு அதன் காலடி வரைக்கும் வந்தது. வளாகத்துக்குள் கட்சி அரசியல் பேசக் கூடாது என்பது 1930களிலிருந்து இருந்த விதி. அதனால் பேச வேண்டியவர்கள் கேட்டுக்கு வெளியே, நகராட்சித் தெருவில் நின்று பேசினார்கள். வகுப்புக்குப் போகும் மாணவர் எல்லாரும் அந்த வழியாகத்தான் போகணும். கேட்டுக்கு ஒரு அடி இந்தப் பக்கம் நின்றால் விதி மீறல், ஒரு அடி அந்தப் பக்கம் நின்றால் சுதந்திரக் குடிமகன்.

பிறகு பல்கலைக்கழகம் தெற்கே வளர்ந்தது. சேதர் கேட்டுக்கும் பான்கிராஃப்ட் சாலைக்கும் இடையில் இருந்த தெருத் துண்டை வளாகத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள். கடைகள் போயின, வாகனங்கள் போயின. 1960ஐ ஒட்டி வெர்னன் டிமார்ஸும் டொனால்ட் ஹார்டிசனும் வடிவமைத்த மாணவர் மையம் எழுந்தது. தெரு முற்றமானது. ஆனால் காலடித் தடம் மாறவில்லை. நாற்பது ஐம்பது வருடமாக நடந்த அதே கோட்டில்தான் ஆட்கள் தொடர்ந்து நடந்தார்கள். நிர்வாகம் தன் வாசற்படிக்கு முன்னால், ஒரு தெருவின் மொத்த நடமாட்டத்தையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டது. தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை.

அந்த முற்றத்துக்கு முதலில் குடிவந்தது ஒரு நாய். லுட்விக் என்று பெயர், ஜெர்மன் பாயின்டர் வகை. தினமும் வந்து நீரூற்றுக்குள் நின்றுகொள்ளும். விளிம்பில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைகள் கொடுப்பதைத் தின்னும். 1961இல் நீரூற்றுக்கு அதிகாரபூர்வமாகவே லுட்விக் நீரூற்று என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பதை எந்த நிபுணரையும் விட அந்த நாய் சரியாகக் கணித்திருந்தது.

அரசியல் மேசைகளும் தெற்கே நகர்ந்தன. பான்கிராஃப்ட் சாலையோரம், வளாகத்தின் நுழைவில் 26 அடி அகலத்தில் ஒரு செங்கல் நடைபாதை. அது நகராட்சிக்குச் சொந்தம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நகராட்சிக்குக் கொடுத்துவிடுவதாகப் பல்கலைக்கழகம் ஒரு கட்டத்தில் முடிவும் எடுத்திருந்தது, ஆனால் பத்திரம் மாறவில்லை. அதில் மேசை போட்டுத்தான் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்துக்கு ஆள் சேர்த்தார்கள், உண்டியல் குலுக்கினார்கள். 1964 கோடையில் மிசிசிப்பி போய் வாக்காளர் பதிவிலும் பள்ளிகளிலும் வேலை செய்த மாணவர்கள் செப்டம்பரில் திரும்பி வந்தார்கள். அங்கே அடியும் சாவும் பார்த்துவிட்டு வந்தவர்கள். அந்தச் சமயத்தில்தான், செப்டம்பர் 14 அன்று, நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த நடைபாதை பல்கலைக்கழகத்தின் சொத்து, இனி அங்கே மேசை கூடாது, நிதி வசூல் கூடாது, ஆள் சேர்ப்பு கூடாது.

நிர்வாகத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது ஒரு சின்ன எல்லைத் திருத்தம். 26 அடி.

மாணவர்கள் என்ன செய்தார்கள்? எல்லையில் மேசை போடக் கூடாதா, சரி என்று உள்ளே வந்து ஸ்ப்ரௌல் ஹால் படிக்குக் கீழேயே மேசை போட்டார்கள். அக்டோபர் 1ஆம் தேதி, மதியம் 12 மணி ஆகப்போகும் நேரம். ஜாக் வைன்பெர்க் என்ற முன்னாள் மாணவர் மேசையை விட்டு எழ மறுத்ததால் போலீஸ் அவரைக் கைது செய்து, முற்றத்துக்குள் கொண்டுவந்த காரில் ஏற்றியது. காரைச் சுற்றி மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கார் நகரவில்லை. 32 மணி நேரம் வைன்பெர்க் உள்ளேயே இருந்தார். காரின் கூரையே மேடையானது. மரியோ சாவியோ என்ற தத்துவத் துறை மாணவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அதன்மேல் ஏறிப் பேசினார். சாதாரணப் பேச்சில் திக்குகிறவர் அவர். அந்தக் கோடையில் மிசிசிப்பியில் பாடம் நடத்திவிட்டு வந்தவர்.

இங்கே என் பொறியாளர் புத்தி ஒரு கேள்வி கேட்கிறது. கைதைத் தடுக்கும் அளவுக்கு ஆட்கள் சில நிமிடத்தில் எங்கிருந்து வந்தார்கள்? 1964இல் வாட்ஸப் இல்லை. பதில் ரொம்ப எளிமையானது. அவர்கள் வரவில்லை, ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். வகுப்பு விட்டு டெலிகிராஃப் கடைகளுக்குச் சாப்பிடப் போகிறவர்கள், சாப்பிட்டு வருகிறவர்கள், படியில் உட்கார்ந்திருந்தவர்கள், நீரூற்று விளிம்பில் சும்மா இருந்தவர்கள். இதே சம்பவம் கீழ் முற்றத்தில் நடந்திருந்தால் கார் வந்த சுவடு தெரியாமல் போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

சும்மா உட்காருவதைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர் வில்லியம் எச். வைட். பல்கலைக்கழகத்தில் இல்லை, நியூயார்க் அலுவலகக் கோபுரங்களின் அடியில். 1970களில் தன் குழுவோடு கேமராவைக் கட்டி வைத்து, எந்த முற்றத்தில் ஆள் இருக்கிறார்கள், எதில் இல்லை என்று எண்ணினார். 1980இல் புத்தகமாக வந்தது. அவருடைய முதல் முடிவைப் படித்தால் சிரிப்பு வரும். உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள். பெஞ்ச்தான் வேண்டும் என்றில்லை. 1 அடியிலிருந்து 3 அடி உயரத்துக்குள் இருக்கிற எந்தத் திட்டும், எந்தப் படியும் போதும்.

இரண்டாவது முடிவு இன்னும் சுவாரசியமானது. பேசுவதற்கு நிற்பவர்கள் ஒதுக்குப்புறம் தேடிப் போவதில்லை, நடமாட்டத்தின் நட்ட நடுவில்தான் நிற்கிறார்கள். நம்ம ஊர் கல்யாண மண்டப வாசலில் வழியை அடைத்துக்கொண்டு பேசுகிற மாமாக்களை எல்லாருக்கும் தெரியும். மன்ஹாட்டனிலும் அதே மாமாக்கள்தான். மூன்றாவது, கண்ணில் படாத இடத்துக்கு யாரும் போவதில்லை. தெரு மட்டத்திலிருந்து மிகவும் இறங்கிய, அல்லது ஏறிய முற்றங்கள் காலியாகக் கிடந்தன. அவர் ஆய்வை வைத்து நியூயார்க் 1975இல் விதிகளைத் திருத்தியபோது, முற்றம் நடைபாதையிலிருந்து 3 அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற வரையறை அதில் இருந்தது.

மூன்றையும் பெர்க்லியில் போட்டுப் பாருங்க. மேல் முற்றத்தில் வழி உண்டு, உட்காரப் படி உண்டு, தெருவிலிருந்தே எல்லாம் தெரியும். கீழ் முற்றத்தில் அவ்வளவு இடம் இருந்தும், அதன் வழியாக எங்கேயும் போக வேண்டியதில்லை. போனால் அங்கே போவதற்காகவே போகணும். கீழ் முற்றத்துக்கு அடியில் கார் நிறுத்துமிடம் வேறு. அதாவது அது தரையே இல்லை, ஒரு கூரை.

தரையை விட்டு மேலே போனவர்கள் கதையும் உண்டு. 1965இல் சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகம் புது வளாகம் திறந்தது. வால்டர் நெட்ச் வடிவமைப்பு. மாணவர்கள் நடப்பதற்கென்றே இரண்டாம் மாடி மட்டத்தில் கருங்கல் பாலப் பாதைகள், நடுவில் விரிவுரைக் கூடங்களின் கூரைமேல் ஒரு மாபெரும் முற்றம், அதில் உட்கார அரைவட்டப் படிகள் எல்லாம் உண்டு. வரைபடத்தில் பிரமாதம். கீழே தரையில் இருட்டும் ஒழுகும் தண்ணீரும், மேலே சிகாகோவின் பனிக்காற்று. நடப்பவர்கள் இரண்டு தளமாகப் பிரிந்ததால் இரண்டிலும் கூட்டம் சேரவில்லை. 1990களின் முற்பகுதியில் பாலங்களையும் முற்றத்தையும் இடித்துவிட்டு எல்லாரையும் தரைக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுபடி 1964க்கு வருவோம். டிசம்பர் 2ஆம் தேதி அதே படிகளில் சாவியோ தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார், ஜோன் பயஸ் பாடினார், பாட்டோடு ஆயிரம் பேரளவில் படியேறி ஸ்ப்ரௌல் ஹாலுக்குள் போய் உட்கார்ந்தார்கள். விடிவதற்குள் கைது தொடங்கியது, ஏறக்குறைய 800 பேர். டிசம்பர் 8 அன்று பேராசிரியர்கள் மன்றம் 824க்கு 115 என்று மாணவர்களின் கோரிக்கை பக்கம் வாக்களித்தது. ஜனவரியில் வளாகத் தலைவர் மாற்றப்பட்டு, மார்ட்டின் மேயர்சன் தற்காலிகப் பொறுப்பேற்றார். அவர் தொழிலால் நகரத் திட்டமிடல் பேராசிரியர்! வந்ததும் ஸ்ப்ரௌல் ஹால் படிகளைப் பேச்சுக்கான இடமாக அறிவித்து, மேசைகளுக்கும் அனுமதி கொடுத்தார். அரசியல் தீர்வு என்று வரலாற்றில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு திட்டமிடுநரின் கண்ணும் தெரிகிறது. ஆட்கள் ஏற்கெனவே நடந்து தேய்த்த பாதைக்கு அவர் பெயர்ப் பலகை வைத்தார்.

இதற்குப் பிறகு ஒரு வதந்தி கிளம்பியது. அமெரிக்கா முழுக்கப் பல வளாகங்களில் சொல்லப்படும் கதை இது: "எங்க கேம்பஸ்ல பெரிய முற்றமே கிடையாது பாருங்க, மாணவர் போராட்டத்துக்குப் பயந்து இப்படிக் கட்டினாங்க." இதே பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தைப் பற்றி அதிகம் சொல்வார்கள். காட்டுக்குள் சிதறிய சின்னச் சின்னக் கல்லூரிகள், நடுவில் கூட ஒரு இடம் இல்லை. பெர்க்லி போல இன்னொன்று ஆகிவிடக் கூடாது என்று திட்டம் போட்டார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கமிட் தேதியைப் பார்த்தாலே கதை உடைந்துவிடும். சான்டா குரூஸ் திட்டம் 1963இல் முடிவானது, பெர்க்லியில் கார் மறிக்கப்பட்டது 1964இல். சிதறிய கல்லூரிகள் என்பது, பெரிய பல்கலைக்கழகத்துக்குள் சிறிய கல்லூரியின் நெருக்கம் வேண்டும் என்ற கிளார்க் கெர், டீன் மெக்ஹென்றி ஆகியோரின் பழைய கனவு. நோக்கம் நல்லது, விளைவு வேறு. பிழையான நிரலுக்குப் பின்னால் சதி இருப்பதாக நினைப்பது என் துறையிலும் உள்ள பழக்கம்தான். பெரும்பாலும் சதி இருக்காது, யோசிக்காமல் விட்டதுதான் இருக்கும்.

ஆனால் கட்டி முடித்த பிறகு, ஆட்கள் தங்குவதை நிர்வாகங்கள் நன்றாகவே கவனிக்கின்றன. 1969 மே 20 அன்று, பீப்பிள்ஸ் பார்க் போராட்டத்தின்போது, தேசியப் படையின் ஹெலிகாப்டர் இந்த மேல் முற்றத்தின் மீது கண்ணீர்ப் புகை தூவியது. தரையில் கூடியவர்களைக் கலைக்க ஆகாயத்திலிருந்து வர வேண்டியிருந்தது. நான் பி.இ. படித்த கல்லூரியில் இவ்வளவு செலவு செய்யவில்லை. லேப் கட்டட வாசலில் நாங்கள் உட்கார்ந்த திட்டின் மேல், ஒரு லீவு முடிந்து வந்தபோது கூரான இரும்புக் கம்பி பதித்திருந்தார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆட்கள் கூடுகிற இடமே அதுதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

கீழ் முற்றத்துக்கும் விடிவு வந்தது. 2010இல் மாணவர்கள் தங்கள்மேல் தாங்களே கூடுதல் கட்டணம் விதித்துக்கொள்ள வாக்களித்து, அதைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. நிலநடுக்கத்துக்குத் தாங்காத பழைய எஷெல்மன் ஹால் கோபுரத்தை இடித்து, உயரம் குறைந்த புதிய கட்டடம் எழுப்பி, பான்கிராஃப்ட் பக்கமிருந்து வருபவர்களின் கண்ணில் முற்றம் படும்படி திறந்துவிட்டார்கள். 2015இல் முடிந்தது. நான் பார்த்தது அதற்கு முந்தைய வெறுமையை.

சாவியோ 1996இல் இறந்தார். அடுத்த வருடம் ஸ்ப்ரௌல் ஹால் படிகளுக்கு அதிகாரபூர்வமாக அவர் பெயரையே வைத்தார்கள். 800 பேரைப் பிடித்துக்கொண்டு போன கட்டடத்தின் வாசற்படி அது. முற்றத்தின் தரையில் இன்னொரு நினைவுச் சின்னமும் உண்டு, தேடினால்தான் தெரியும். 1991இல் பதித்த ஒரு கருங்கல் வட்டம், அதன் நடுவில் ஆறு அங்குல அகலத்தில் வெறும் மண். அந்த மண்ணும் அதற்கு மேலே உள்ள ஆகாயமும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, எந்த அதிகாரத்துக்கும் உட்பட்டதில்லை என்று சுற்றிலும் செதுக்கியிருக்கிறார்கள். 26 அடிக்கு நடந்த சண்டைக்கு ஆறு அங்குலம்.

அதைத் தேடி நான் குனிந்து நடந்துகொண்டிருந்தபோது மணி பன்னிரண்டு அடித்தது. படியில் ஒரு பெண் மைக்கைப் பிடித்துக் கட்டண உயர்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மதியம் ஒரு மணி நேரம் அங்கே ஒலிபெருக்கி வைக்க அனுமதி உண்டு. அவருக்கு இரண்டு படி கீழே ஒரு பையன் முதுகைக் காட்டி உட்கார்ந்து பர்ரிட்டோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதி சாப்பிட்டதும் காதிலிருந்த ஒரு இயர்ஃபோனை மட்டும் எடுத்தான்.